வீட்டுக்குப் பின்னால 3 சென்ட், செம்மண் தட்டி நிரப்பின இடம், காய்கறி எதுவும் பிடிக்க மாட்டேங்குது, மண்ணை எப்படி சரி பண்ண?

கருங்கல்_அடுக்களைத்தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு கருங்கல் பக்கம். வீட்டுக்குப் பின்னால ஒரு 3 சென்ட் சும்மா கெடக்கு, அதுல காய்கறி போட்டு வீட்டுச் செலவுக்கு எடுக்கணும்னு ரொம்ப ஆசை, அம்மாவுக்கு சுகர் இருக்கதால தினமும் ஏதாவது ஒரு காய் கூடுதலா வேண்டியிருக்கு, மருந்தடிக்காததா இருந்தா நல்லதுன்னு நெனைக்கேன். இடம் முன்ன பள்ளமா கெடந்துது, வீடு கட்டும்போது டிப்பர்ல செம்மண் கொண்டுவந்து தட்டி நிரப்பினாங்க, ரெண்டடி உயரம் வரும். அது மேலதான் பாத்தி.

வெண்டை முழங்கால் உயரத்துல அப்படியே நின்னுபோச்சு, இலையெல்லாம் மஞ்சள், வர்ற ஒண்ணு ரெண்டு காயும் வளைஞ்சு வருது. தக்காளியும் வழுதலையும் (கத்தரி) பூ வைக்கிற நேரம் திடீர்னு வாடுது, இலை பச்சையா இருக்கும்போதே தொங்கிருது, மண்ணு ஈரமாத்தான் இருக்கு, தண்ணி ஊத்தினாலும் எழும்பாது, ரெண்டு மூணு நாள்ல செடி போயிரும். தப்பிச்சு நிக்கிற தக்காளில காயோட அடிப்பக்கம் கறுத்துப் போகுது. மழை பெஞ்சா மேல்மண்ணு செவப்பா ஓடுது, வெயில் அடிச்சா அதே மண்ணு ஓடு மாதிரி இறுகிருது, களைவெட்டி போட்டா டங்குன்னு சத்தம் கேக்கும். ஆனா கிணத்தாங்கரைல நிக்கிற மரச்சீனியும் (மரவள்ளி) சேம்பும் நல்லாத்தான் இருக்கு, அதுவும் இதே மண்ணுதான்.

இதுவரைக்கும் போட்டது: சாணிப்பொடி, 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரம் கொஞ்சம் கொஞ்சமா, கயர் பித் (தேங்காய் நார்க்கழிவு) கட்டி வாங்கி ஊற வச்சு பாத்திலே கலந்தது, உரக்கடைல குடுத்த ஒரு டானிக். பக்கத்து வீட்டு அண்ணன் இந்த மண்ணை அள்ளிட்டு வேற நல்ல செம்மண்ணு லோடு அடிக்கச் சொல்லுதாரு. அப்படிச் செய்யலாமா, இல்ல இதையே சரி பண்ண வழி இருக்கா? எடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழை) முன்ன ஏதாவது செய்யணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அருமனை_விளை:

மக்களே, லோடு மட்டும் அடிக்காதே. இப்ப வர்ற லோடும் அதே மாதிரி ஏதாவது குன்றை இடிச்சு எடுக்க மண்ணாத்தான் இருக்கும். ஒரு விளையில மேல ஒரு சாண் மண்ணுதான் மண்ணு, இலையும் சவறும் (காய்ஞ்ச இலைக்குப்பை) விழுந்து மக்கி வருஷக்கணக்கா உண்டானது. அதுக்குக் கீழ உள்ளது வெறும் சரல். ஜேசிபி வச்சு ஆழத்துல தோண்டி டிப்பர்ல ஏத்துதாங்களே, அதுல மக்கு கெடையாது, மண்புழு கெடையாது, உயிர்னு சொல்ல ஒண்ணும் கெடையாது. வீட்டுக்கு அடிமட்டம் நிரப்ப அது நல்ல மண்ணு, விதை போட அது ஆகாது.

இன்னொண்ணு, நம்ம விளவங்கோடு, கல்குளம், கிள்ளியூர், திருவட்டாறு பக்கம் பெரும்பாலும் இந்த செம்புறை மண்ணுதான், லேட்டரைட்னு சொல்லுவாங்க. ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை, ரெண்டு மழையும் காலங்காலமா பெஞ்சு மண்ணுல உள்ள சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து எல்லாத்தையும் கழுவிக்கொண்டு போயிரும், மிஞ்சுதது இரும்பும் அலுமினியமும். செவப்பு நிறமே அந்த இரும்பாலதான். இந்த மண்ணு புளிச்ச மண்ணு, அமில மண்ணு. புளிப்பை அளக்குத பிஹெச் எண் 5 பக்கம், சில எடத்துல அதுக்கும் கீழ இருக்கும், எண் கொறையக் கொறையப் புளிப்பு கூடும். காய்கறிக்கு 6-லேருந்து 7-க்குள்ள இருக்கணும். அவ்வளவு புளிப்புல அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியை வளரவிடாம செய்யும், நீ போடுத மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வச்சுக்கிடும், செடிக்குப் போகாது. அதான் உரம் போட்டும் பலன் காணல. தக்காளிக்கு அடி கறுக்கதும் சுண்ணாம்புச் சத்து போதாம வர்றது, தண்ணி ஒருநாள் கூட ஒருநாள் கொறையன்னு விட்டாலும் அது கூடும். மரச்சீனியும் சேம்பும் புளிப்பைத் தாங்கும், அதனால நிக்குது.

யூரியா, அமோனியம் உள்ள காம்ப்ளெக்ஸ் உரம் எல்லாம் தொடர்ந்து போட்டா புளிப்பு இன்னும் கூடத்தான் செய்யும், இப்போதைக்கு அதை நிறுத்தி வை. மொதல்ல சுண்ணாம்பு, பொறவு மக்கு, அப்புறம் மண்ணை மூடி வைக்கது. இந்த மூணும் இல்லாம எந்த டானிக்கும் வேலை செய்யாது கேட்டியா.

பூதப்பாண்டி_வயல்காரன்:

அருமனை அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி, ஆனா இதைப் படிக்கிற எல்லாரும் நாளைக்கே சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிட்டு எறங்கிரக் கூடாதுன்னுதான் எழுதுதேன். நம்ம மாவட்டம் சின்னது, ஆனா மண்ணு ஒண்ணுபோல இல்ல. எங்க பக்கம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகால மழையும் கம்மி, ஆரல்வாய்மொழி முப்பந்தல்ல காத்துதான் அதிகம், பல எடத்துல பிஹெச் 7 பக்கமாவோ அதுக்கு மேலயோ இருக்கும். அங்க போய் சுண்ணாம்பு போட்டா இரும்பு, துத்தநாகம், போரான் எல்லாம் செடிக்குக் கிடைக்காம புது இலை வெளுத்துப் போகும். அதனால டெஸ்ட் பண்ணிட்டுத்தான் போடணும்.

திருப்பதிசாரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அங்க போய் மண் பரிசோதனை பத்திக் கேளுங்க. ஒரு எடத்துல மட்டும் அள்ளிட்டுப் போகாதீங்க. மேல உள்ள சவறை ஒதுக்கிட்டு மம்பட்டியால ஆங்கில வி எழுத்து மாதிரி அரையடியில இருந்து முக்கா அடி ஆழத்துக்குள்ள குழி வெட்டி, அந்தக் குழியோட ஓரத்தைச் சீவி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல மண்ணு எடுக்கணும். 3 சென்ட்ல ஏழெட்டு எடத்துல எடுத்தாப் போதும். சாணிக்குவியல் கிட்ட, மரத்து மூட்டுல, கிணத்தாங்கரை, இப்ப உரம் போட்ட பாத்தி, இதெல்லாம் விட்டுருங்க. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல கொட்டி, கல்லும் வேரும் பொறுக்கி, நல்லா கலந்து வட்டமாப் பரப்பி நாலா பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிருங்க. அரைக்கிலோ வர்ற வரைக்கும் இப்படியே. நெழல்ல உலத்தி துணிப்பையில போட்டு, என்ன பயிர் வைக்கப் போறீங்கன்னு ஒரு சீட்டு எழுதி உள்ள வச்சுருங்க. யூரியா சாக்குல மட்டும் போட்டுக் கொண்டு போயிராதீங்க, ரிசல்ட்டே மாறிப்போகும்.

யூட்யூப்ல வினிகர் ஊத்தி நுரை வருதான்னு பாக்கச் சொல்லுதாங்க, அதை வச்சு எவ்வளவு சுண்ணாம்பு போடணும்னு ஒண்ணும் தெரியாது.

பிஹெச் 5 பக்கம்னு வந்தா சென்டுக்கு 2-லேருந்து 3 கிலோ வேளாண் சுண்ணாம்பு கணக்கு. டோலமைட் கிடைச்சா அதுவே நல்லது, சுண்ணாம்போட மக்னீசியமும் சேர்ந்து வரும், நம்ம மேற்குப் பக்க மண்ணுக்கு ரெண்டுமே தேவை. நீத்துன சுண்ணாம்பு வேகமா வேலை செய்யும், அதனால அளவைக் கொறைச்சுக்கணும், கால் பங்கு கொறைச்சாச் சரியா இருக்கும், கைல கண்ணுல படாமப் பாத்துக்கோங்க. ஜிப்சத்தை நிறைய பேரு சுண்ணாம்புக்குப் பதிலாப் போடுதாங்க, அதுல கால்சியம் உண்டு, ஆனா புளிப்பைக் கொறைக்காது. உரக்கடைல மாத்திக் குடுத்தா வாங்காதீங்க.

மேல்புறம்_நாத்து:

கருங்கல் அக்கா, மண்ணு விஷயம் பெரியவங்க சொல்லிட்டாங்க. ஆனா இலை பச்சையா இருக்கும்போதே வாடிச் சாகுதுன்னு எழுதியிருக்கீங்களே, அது வெறும் மண்ணுக்குறை மாதிரி தெரியல. பாக்டீரியா வாடல் நோயா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நம்ம பக்கமும் கேரளாவுலயும் இந்தப் புளிச்ச மண்ணுல தக்காளி, வழுதலை, மொளகாய்க்கு இதான் பெரிய எதிரி. நான் நாத்து உண்டாக்கி விக்கிறதால தெனமும் யாராவது ஒருத்தர் இதைக் கேட்டு வருவாங்க.

வீட்டுலயே கண்டுபிடிக்கலாம். இப்பத்தான் வாட ஆரம்பிச்ச செடியைப் பிடுங்கி, மண்ணுக்கு மேல ஒரு விரக்கடை விட்டுத் தண்டை பிளேடால நறுக்கி, ஒரு கண்ணாடி தம்ளர்ல தெளிஞ்ச தண்ணி எடுத்து அந்த வெட்டுவாய் தண்ணில லேசா முங்குத மாதிரி பிடிங்க, ஆட்டாதீங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள வெட்டுன எடத்துல இருந்து வெள்ளையா நூல் நூலாப் பால் மாதிரி எறங்கினா அது பாக்டீரியா வாடல்தான். எறங்கலைன்னா வேரைப் பாருங்க, வேர் முழுக்க முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு. அதுக்கு வேப்பம்புண்ணாக்கு, அந்த பாத்தில ஒரு தடவை கேந்திப் பூச்செடி போடுறது, இதெல்லாம் உதவும்.

வாடல்னா மருந்து ஊத்தி காப்பாத்த முடியாது, பிடுங்கித் தூரப் போடணும், எரிச்சா இன்னும் நல்லது. கம்போஸ்ட் குழில போடவே போடாதீங்க. அந்த பாத்தில கொஞ்ச காலத்துக்குத் தக்காளி வழுதலை மொளகா எதுவும் வேண்டாம், இஞ்சியும் வேண்டாம், அதுக்கும் இந்த நோய் வரும். வெண்டை, பயறு, பாவக்கா, புடலை, கீரை எல்லாம் தாராளமாப் போடலாம். வழுதலை தின்னே ஆகணும்னா கேரள வேளாண் பல்கலைக்கழகத்து ரகங்கள் இருக்கு, வழுதலைல சூர்யா, ஸ்வேதா, ஹரிதா, தக்காளில சக்தி, முக்தி, அனகா, மொளகால உஜ்வலா, அனுக்ரஹா. இது எல்லாம் வாடலைத் தாங்குற ரகம். களியக்காவிளை தாண்டினா கேரளப் பக்கம் கிடைக்கும். சுண்டைக்காய் நாத்துல வழுதலை ஒட்டுக் கட்டினதும் நல்லாத் தாங்கும், அது வருஷத்துக்கு மேலயும் காய்க்கும்.

கருங்கல்_அடுக்களைத்தோட்டம்:

இவ்வளவு விவரமா யாரும் எனக்குச் சொன்னதில்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்ளர் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன் மேல்புறம் அண்ணா, வழுதலைத் தண்டுல இருந்து வெள்ளையா புகை எறங்குத மாதிரி நல்லாத் தெரிஞ்சுது, கொஞ்ச நேரத்துல தம்ளர் தண்ணியே கலங்கிப் போச்சு. அம்மா பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினாங்க. அந்த வரிசை முழுக்கப் பிடுங்கி எரிச்சாச்சு. லோடு மண்ணுக்கும் வேண்டாம்னு சொல்லியாச்சு.

மண்ணு எடுத்து உலத்த வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கயர் பித் போட்டது நல்லதா கெட்டதா, இன்னும் ரெண்டு கட்டி பாக்கி இருக்கு. ரெண்டாவது, மக்குக்கு எங்க போக? சாணிப்பொடி விலை கூடிட்டே போகுது, எங்க பக்கம் மாடு வச்சிருக்கவங்களே கொறஞ்சு போச்சு.

குளச்சல்_மாடித்தோட்டம்:

கயர் பித் பத்தி நான் சொல்லுதேன், நான் முழுக்க அதுலதான் செடி வைக்கேன். மக்காத நார்க்கழிவுல கரிச்சத்து ரொம்ப அதிகம், தழைச்சத்து ரொம்பக் கம்மி, 100-க்கு 1-ங்கிற அளவுக்கும் மேல. அதை அப்படியே மண்ணுல கலந்தா அதை மக்க வைக்கிற நுண்ணுயிர் எல்லாம் மண்ணுல இருக்க தழைச்சத்தை எடுத்துக்கிடும், செடி மஞ்சளாகும். உங்க வெண்டை மஞ்சளானதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்கும். உப்புத்தண்ணில அழுகப்போட்ட கதம்பையில (தேங்காய் மேல்மட்டை) இருந்து வந்ததா இருந்தா உப்பும் இருக்கும், கழுவாமப் போடக் கூடாது.

தூரப் போட வேண்டாம். நல்லா ரெண்டு மூணு தண்ணி கழுவிட்டு, நெழல்ல ஒரு அடுக்கு நார்க்கழிவு ஒரு அடுக்கு சாணிக்கரைசலோ பச்சைத் தழையோன்னு அடுக்கி ஈரம் காயாம வச்சிருங்க. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுத முறைல சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்ப்பாங்க, ரெண்டு மாசம் போல ஆகும், கறுத்து வாசம் மாறி வரும்போது போடலாம். அப்போ தண்ணியை நல்லாப் பிடிச்சு வைக்கும், உங்க மண்ணு இறுகுறதுக்கும் அது மருந்து.

மீன் கழிவு கெடைக்குற எடத்துல இருக்கதால இன்னொண்ணும் சொல்லிருதேன். பச்சை மீன் கழிவை செடி மூட்டுல புதைக்காதீங்க, நாய் தோண்டும், வேர் வெந்து போகும். கழிவும் அதே எடைக்கு வெல்லமும் போட்டு மூடி வச்சு மீன் அமிலம் ஆக்கி, லிட்டருக்கு 5 மில்லி கலந்து ஊத்துங்க. கருவாட்டுக் கழிவு வேண்டாம், அதுல உள்ள உப்பு உங்க 3 சென்டுக்குத் தேவையில்லாத தலைவலி.

மண்ணே_மூலதனம்:

மருந்தடிக்காத காய் வேணும்னு கேட்டவங்களுக்கு சுண்ணாம்பு போடச் சொல்லுதீங்களே, அது கெமிக்கல்தானே? ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் கலந்த கரைசல்) மட்டும் ஊத்தினாலே மண்ணு தானா மாறிரும்னு நான் நம்புதேன்.

பூதப்பாண்டி_வயல்காரன்:

தம்பி, சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் பாறையைப் பொடிச்சது, சிப்பிச் சுண்ணாம்பு கடல் சிப்பியைச் சுட்டது. இயற்கை விவசாயத்துலயும் சுண்ணாம்புக்கல் பொடியும் டோலமைட்டும் போடுதாங்க. ஜீவாமிர்தம் நுண்ணுயிருக்கு நல்லது, நானும் ஊத்துதேன், ஆனா மழை கழுவிக்கொண்டு போன கால்சியத்தை அது எங்க இருந்து கொண்டு வரும்? பிஹெச் ஒரு எண் கொறஞ்சா புளிப்பு பத்து மடங்குன்னு கணக்கு, அதை ஒரு வாளி கரைசல் மாத்தாது. தங்கச்சி வீட்டு மண்ணுக்கு ரெண்டும் வேணும்.

அருமனை_விளை:

மக்களே, மக்குக்கு நீ கடைக்குப் போக வேண்டாம். வேலி ஓரம் முழுக்க சீமைக்கொன்னை கம்பு நட்டு விடு, மழை தொடங்கும்போது ஒரு கை நீளத்துக் கம்பு குத்தினாப் போதும், எங்கயும் பிடிக்கும். வருஷத்துல ரெண்டு மூணு தடவை வெட்டலாம், தழை சீக்கிரம் மக்கும், தழைச்சத்து நிறைய. உங்க தெருவுல பிலா இலை, அயினி இலை, மா இலை எல்லாம் கூட்டிக் கொளுத்துதாங்களா இல்லியா, அதைச் சாக்குல வாங்கிக்கோ. தை மாசிக்கு ரப்பர் இலை உதுத்துப் போடும், சாக்கு சாக்கா வாரலாம், தோட்டத்துக்காரங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அள்ளு. வாழை குலை வெட்டினதும் தண்டை நறுக்கி பாத்திமேல பரத்து, அதுல சாம்பல் சத்து உண்டு.

ரப்பர் வச்ச புதுசுல சரிவுல மண்ணு ஓடாம இருக்க பியூரேரியா, முக்குனான்னு பயறுக் கொடி படர விடுவோம். ரப்பர் நெழல் அடைக்கதுக்குள்ள அந்தக் கொடி உதுக்குத இலையே ஒரு படுக்கை மண்ணு உண்டாக்கிரும், கைய விட்டா மெதுமெதுன்னு இருக்கும், முன்ன அங்க கடப்பாரை எறங்காது. உனக்க பாத்திக்கு அந்தக் கொடி வேண்டாம், அடங்காது, தட்டைப்பயறோ சணப்பையோ போதும்.

நான் சொல்லுத மாதிரி செய்வியா பாரு. சித்திரைல கோடைமழை ஒண்ணு பெஞ்சு மண்ணு நனைஞ்ச ஒடனே டெஸ்ட்ல வந்த அளவுக்கு சுண்ணாம்பைத் தூவி ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து விடு. சாணமும் கோழிக்கழிவும் அதே நாள்ல போடக் கூடாது, சுண்ணாம்பு பட்டா தழைச்சத்து ஆவியாப் போயிரும், ரெண்டு வாரம் கழியட்டும். பொறவு ரெண்டு சென்டுல தட்டைப்பயறும் சணப்பையும் நெருக்கி விதை. பூக்கத் தொடங்குத நேரம், ஏறக்குறைய 45 நாள்ல, அறுத்து அப்படியே மண்ணோட கொத்திப் போடு. அந்த போகம் காய் கெடைக்காதேன்னு வருத்தப்படாதே, இந்த மண்ணுக்கு மொத சாப்பாடு அதுதான்.

மீதி ஒரு சென்டுல இந்த வருஷத்துக் காய்க்கு மேட்டுப்பாத்தி போடு. அரையடி உயரம், பாத்தி சரிவுக்குக் குறுக்கால போகணும், மழைத்தண்ணி நேரா எறங்கி ஓட விடாதே. குழிக்குழியா எடுத்து ஒவ்வொரு குழிக்கும் நல்லா மக்கின சாணிப்பொடி, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு, ஒரு பிடி எலும்புப்பொடி. ராஜ்ஃபாஸ் கிடைச்சா எலும்புப்பொடிக்குப் பதிலா அதைப் போடலாம், பாறை மணிச்சத்து புளிச்ச மண்ணுலதான் நல்லாக் கரையும். அதுல வெண்டை, பயறு, பாவக்கா வை. விதைச்சு மொளச்சு ரெண்டு எலை வந்ததும் சவறு போட்டு மூடிரு, தண்டுல ஒட்டாம நாலு விரல் தள்ளி. மழைத்துளி நேரா மண்ணுல அடிக்கதாலதான் ஓடுதும் இறுகுதும். மூடின மண்ணு ஓடாது. தென்னை மட்டையைப் போட்டா செதல் வரும், ஓலையை மட்டும் கிழிச்சுப் போடு.

கருங்கல்_அடுக்களைத்தோட்டம்:

மாமா, அப்படியே செய்யுதேன். ரெண்டு சென்டுக்கு சணப்பையும் பயறும், ஒரு சென்டுக்கு மேட்டுப்பாத்தி, இதை அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அவங்களுக்கு வெண்டை கெடைச்சாப் போதும்னாங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு, மேட்டுப்பாத்திக்கு நான் பாத்து வச்சிருக்க எடம் ஒரு தென்னை மூட்டுக்குப் பக்கம், அங்க வெயில் நல்லா வருது, பரவாயில்லியா? அடுக்களை அடுப்புச் சாம்பலும் நெறைய சேந்து கெடக்கு.

அருமனை_விளை:

தென்னை மூட்டுல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி வை மக்களே, அதுக்க வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ளதான், நீ போடுத எல்லாத்தையும் அது எடுத்துக்கிடும். சாம்பல் போடலாம், ஆனா அதுவும் சுண்ணாம்பு மாதிரி புளிப்பைக் கொறைக்கும், அதனால சுண்ணாம்பு போட்ட பாத்தில கணக்குப் பாத்து ஒரு கைப்பிடி தூவினாப் போதும், சாணத்தோட கலக்காதே.

மேல்புறம்_நாத்து:

அக்கா ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வாடல் வந்த வரிசைல போட்ட மம்பட்டி, களைவெட்டி எல்லாத்தையும் மண்ணு ஒட்டாம நல்லாத் தேய்ச்சுக் கழுவி வெயில்ல காய வச்சுட்டு மேட்டுப்பாத்திக்கு எடுங்க, செருப்பையும் சேத்துக் கழுவுங்க. அந்த வரிசைல இருந்து தண்ணி புதுப் பாத்திக்கு எறங்குத மாதிரி சாலும் போடாதீங்க, நோய் தண்ணிலயும் மண்ணுலயும்தான் போகுது.